தும்பை என்ன பாவம் செய்தது?

மழை ஓய்ந்ததும் ஆலயச் சுற்றுச்சுவரின் ஓரமாகத் தும்பை தானே முளைத்துவிடுகிறது. விதைத்தவர் இல்லை, நீர் ஊற்றியவரும் இல்லை. அதைக் கண்ட பங்குப் பேரவையினர் சிலர், "களை மண்டிவிட்டது, சாமி" என்கின்றனர். அவ்விடத்தில் கொரியப் புல்லும் காகிதப் பூச்செடியும் வைத்தால் அழகாயிருக்குமாம்.

எது களை? பார்த்தீனியம் களை. 1950-களில் புனேயில் கவனத்துக்கு வந்த அந்த அமெரிக்கச் செடி இன்று நம் புன்செய்களையும் பிடித்துக்கொண்டு, தோல் அரிப்பையும் மூச்சுத் திணறலையும் தருகிறது. பூக்குமுன் அதைப் பிடுங்குவதில் நமக்கு மறுப்பில்லை. தும்பையோ இம்மண்ணின் பிள்ளை. ஈரம் உள்ளமட்டும் பூத்து, தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உணவளித்து, விதை சிந்திக் காய்ந்துவிடுவது. நாம் பீடத்தில் தயக்கமின்றி வைக்கும் செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோ. காகிதப் பூவின் தாயகம் தென்னமெரிக்கா. அவற்றை வெறுக்கச் சொல்லவில்லை. கடல் கடந்து வந்தவற்றுக்குப் பாத்தி கட்டிக் கொடுத்துவிட்டு, இங்கேயே பிறந்ததைச் சபிப்பதுதான் நமக்கு விளங்கவில்லை. வெளுத்த வேட்டியை மட்டும் 'தும்பைப் பூப்போல' என்று மெச்சுகிறோம்!

இன்னொரு வாதம் தாழ்ந்த குரலில் சொல்லப்படுகிறது: தும்பை சிவனுக்குரிய பூவாம், நம் ஆலயத்துக்கு ஆகாதாம். உண்மையில் இதுவே நம்மை எழுதத் தூண்டியது. படைத்தவர் கையினின்று வந்த மலர், பிறர் அதைச் சூட்டி வழிபட்டதால் தீட்டாகிவிடுமா? பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாயிருப்பவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே அறிவித்துவிட்டது. தும்பை போர்க்களத்துப் பூவாகவும் இருந்தது. தகடூர் மன்னன் அதியமானை ஔவையார் பாடிய புறநானூற்று 87-ஆம் பாட்டு தும்பைத் திணையைச் சேர்ந்தது. தகடூர் என்பது நம் தருமபுரிதானே?

கோதுமையினிடையே விதைக்கப்பட்ட களைகளின் உவமையைக் காட்டுவோரும் உண்டு. அங்கும் வீட்டுத் தலைவர் அறுவடைக்குமுன் பிடுங்கச் சொல்லவில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தையும் அவர்கள் வாசிக்கட்டும். விதைத்தவன் உறங்கி எழுகிறான். எவ்வாறென்று அவன் அறியாமலே விதை முளைத்து வளர்கிறது.

கொரியப் புல்லுக்கு நாள்தோறும் நீர் வேண்டும். ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்டு, 2013-இல் வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தால் ஓரளவு மூச்சுவிட்ட மாவட்டம் இது. இங்கே புல்லுக்கு ஊற்றவா நீர்?

நடைபாதையில் முளைப்பதைப் பிடுங்கலாம். வழுக்கி விழுவோர் உண்டு. சுவரோரத்துத் தும்பை விதை உதிரும்வரை நிற்கட்டும். மறைக்கல்வி வகுப்பு முடிந்து வரும் சிறுவர் அதன் பூவைக் கிள்ளித் தேன் உறிஞ்சுகின்றனர். அவர்களிடமும் பேரவையினர் ஒரு வார்த்தை கேட்கலாம்.