பிறை நிழலன்று!

நிலா ஏன் வளர்கிறது, ஏன் தேய்கிறது என்று பள்ளியிறுதி கடந்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். “நம் உலகத்தின் நிழல் அதன்மேல் விழுவதால்” என்று தயங்காமல் விடை வரும். கல்லூரி முடித்தவருள்ளும் பலர் அதையே சொல்வர். பிள்ளைகட்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் சிலருங்கூட அவ்வாறே சொல்லக் கேட்டு வருந்தியிருக்கின்றேன். திங்கள்தோறும் நம் தலைக்கு மேலேயே நடந்து முடிகின்ற ஒன்றைப்பற்றி, இத்தனை ஆண்டு படித்த பின்னரும் முற்றிலும் பிழையான கருத்தைச் சுமந்து திரிகின்றோம் எனின், நம் கல்வி எங்கே கோணிற்று என்று ஆராய வேண்டாவா?

நிழற்கருத்துப் பிழையென்று காட்ட நூல் வேண்டுவதில்லை, கண் போதும். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில், பிற்பகல் நான்கு மணியளவில் வெளியே வந்து நிற்க. மேற்கே கதிரவன் காய்ந்துகொண்டிருப்பான். கிழக்குப் பக்கமாக, உச்சிக்குச் சற்றுக் கீழே, அரைநிலா வெளிறித் தோன்றும். ஞாலத்தின் நிழல் எப்போதும் கதிரவனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில்தான் விழும். கதிரவன் வானில் நிற்கும்போது அந்நிழல் தொடுவானுக்குக் கீழே, நம் காலடிக்கு அப்பால் நீண்டு கிடக்கிறது. அங்கே கிடக்கும் நிழல் இங்கே நிற்கும் நிலாவை எங்ஙனம் பாதி மறைக்கும்? இன்னும் ஒன்று. அரைநிலாவின் நடுவெல்லை நேர்கோடாக இருக்கக் காண்கிறோம். உருண்டையின் நிழலுக்கு விளிம்பு வளைவாக இருக்குமேயன்றி நேர்கோடாக இராது.

ஞாலத்தின் நிழல் நிலாவின்மேல் விழுவதும் உண்டு. அது முழுநிலா நாளில் மட்டுமே நிகழும். சில மணிநேரத்தில் விலகியும் விடும். அதற்குத் திங்கள்மறைப்பு என்று பெயர். பிறை வேறு, மறைப்பு வேறு. முழுநிலாதோறும் மறைப்பு நேராமைக்குக் கரணியம், நிலாவின் சுற்றுப்பாதை ஞாலத்தின் சுற்றுப்பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருத்தலே. பெரும்பாலான முழுநிலாக்கள் நிழலுக்கு மேலேயோ கீழேயோ கடந்து போய்விடுகின்றன.

அவ்வாறாயின் பிறை என்பதுதான் யாது? நிலாவுக்குத் தன்னொளி இல்லை. அதன் ஒரு பாதி எப்போதும் கதிரவனை நோக்கியிருக்கிறது, அங்குப் பகல். மறுபாதியில் இரவு. நாம் சுற்றாநின்ற நிலாவை ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பக்கத்தினின்று காண்கின்றோம். அதன் பகற்பாதியில் எவ்வளவு பங்கு நம் கண்ணுக்குத் திரும்பியிருக்கிறதோ அவ்வளவே அன்றைய பிறை. வளர்வதும் தேய்வதும் நம் பார்வைக்கே, நிலாவிற்கு அன்று. ஒளியெல்லைக் கோடு என்று நாம் காண்பது, அங்கே விடியலோ மாலையோ நிகழ்கின்ற கோடு. வேறொன்றும் இல்லை.

இதைச் சொல்ல நம் மொழியில் சொற்பஞ்சமா? வளர்பிறை, தேய்பிறை, காருவா, வெள்ளுவா என்று எல்லாம் உள. உவா என்னும் ஒரே சொல் நிலா மறையும் நாளுக்கும் நிறையும் நாளுக்கும் பொதுவாய் நின்று, கருமையாலும் வெண்மையாலும் பிரிந்தமை நோக்கத்தக்கது. அவ்விரு நாளிலும் ஞாயிறும் ஞாலமும் திங்களும் ஏறத்தாழ ஒரு நேரில் நிற்கின்றன. கடலோதம் மிகுதியாய் உயர்வதும் அந்நாள்களையொட்டியே. வேற்றுமொழியாளர் அறியாதிருந்தனர் என்று சொல்லவரவில்லை. அமாவாசை என்னும் வடசொல்லுக்கும் உடனுறைவு என்றே பொருள். ஞாயிறும் திங்களும் வானில் ஒருங்கிருக்கும் நாள் என்பது அதற்குள்ளும் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைக்கு அச்சொல் ஒரு நோன்புநாளின் பெயர், அவ்வளவே. ஆங்கிலவழிப் பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ‘வேக்சிங் கிரசென்ட்’ என்று தேர்வுக்கு நெட்டுருச் செய்கிறான். பாட்டி சொன்ன வளர்பிறைதான் அது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. வானத்தில் ஒரு நிலாவும் தேர்வுத்தாளில் வேறொரு நிலாவுமாக இரண்டு நிலா அவனுக்கு!

படங்கள் செய்யும் கேடு தனி. பள்ளிநூல்களிலும் நாட்காட்டிகளிலும் பிறை பெரும்பாலும் நெட்டுக்குத்தாக, அரிவாளை நிறுத்தி வைத்தாற்போல் நிற்கிறது. நம் ஊரில் மாலைப்பிறை அப்படியா நிற்கிறது? தோணிபோல் கிடக்கிறது. தமிழகம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகை முதல் 13 பாகைக்குச் சற்று மேல் வரை அமைந்த நாடு. இங்குக் கதிரவன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகின்றான். அவன் பின்னே செல்லும் பிறைக்கு ஒளி அடியிலிருந்து விழுகிறது. 51 பாகைக்கும் வடக்கே உள்ள இலண்டனில் அவன் சாய்வாக இறங்குவதால் பிறை அங்கு நிமிர்ந்து நிற்கும். அவர்கள் தாங்கள் கண்டதை வரைந்தார்கள். நாம் காணாததைப் படியெடுத்துக் கொண்டோம். நம் பிறையும் ஆண்டு முழுதும் ஒரே சாய்வில் இராது. கன்னி, துலைத் திங்கள்களில் (புரட்டாசி, ஐப்பசி) வடகோடு நன்கு உயர்ந்திருக்கும். கும்பம், மீனத்தில் (மாசி, பங்குனி) தென்கோடு சற்றே உயரும். உழவர் மூன்றாம் பிறையின் கோடுகளை நோக்கி மழை கணித்தது வெறுங்கதை என்று தள்ளுவார்க்கு ஒன்று சொல்வேன்: பிறை மழையைக் கொணர்வதில்லை, ஆனால் அச்சாய்வு பருவத்தைக் காட்டுகிறது.

கதை எழுதுவோரையும் விட்டுவிடுவதற்கில்லை. நள்ளிரவில் மூன்றாம் பிறையொளியில் தலைவனும் தலைவியும் உரையாடுகின்றனர்! அப்பிறை கதிரவன் மறைந்து இரண்டு மணிநேர அளவில் தானும் மறைந்துவிடும். நிலா நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு நாழிகை பிந்தி எழும். முழுநிலா மாலையில் எழும். தேய்பிறை அரைநிலா நள்ளிரவில் எழும். பிறையைக் கண்டால் பொழுது சொல்லலாம், பொழுதைக் கொண்டு பிறையைச் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்கு.

வகுப்பில் இதை விளக்கக் கருவி எதுவும் வேண்டா. ஒரு விளாங்காய் போதும். மேற்சொன்ன பிற்பகல் நேரத்தில், வெயிலில் நின்று, கையை நீட்டி, வானத்து அரைநிலாவுக்குப் பக்கத்தில் தோன்றுமாறு அக்காயைப் பிடிக்கச் சொல்லுங்கள். காயின் எப்பக்கம் எவ்வளவு ஒளிர்கிறதோ, நிலாவிலும் அப்பக்கம் அவ்வளவே ஒளிரும். ஒரே கதிரவன், ஒரே திசை, இரண்டு உருண்டை. பிள்ளைகள் அப்போது எழுப்பும் கூச்சலை அடக்க முற்படாதீர்கள். கூர்ந்து பார்ப்பவன், “முழுநிலா அரைநிலாவைப்போல் இரண்டு மடங்கு ஒளி தருமா?” என்று கேட்பான். இல்லை, ஏறத்தாழப் பத்து மடங்கு தரும். கரடுமுரடான நிலாத்தரையில் அரைநிலாப் பொழுதில் மேடுகளின் நிழல் நிறைந்திருக்கும். முழுநிலாவில் அந்நிழல்கள் நம் கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்துவிடும். வேறொருவன் எத்தனை நாளில் மீண்டும் அதே பிறை வரும் என்பான். நிலா ஞாலத்தை ஒருமுறை சுற்ற 27.3 நாள், ஆனால் அதற்குள் ஞாலமும் கதிரவனைச் சுற்றி நகர்ந்துவிடுவதால், பழைய பிறையைக் காண 29.5 நாள் ஆகும். நிலாவுக்கும் மாதத்திற்கும் திங்கள் என்னும் ஒரே பெயரை நம் முன்னோர் வைத்தது இக்கணக்கால்தான்.

2023 ஆகசுட்டு 23இல் சந்திரயான்-3இன் இறங்கூர்தி நிலாவின் தென்பகுதியில் அமர்ந்தது. திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல் என்று நாம் பெருமிதங் கொண்டோம், தக்கதே. ஆனால் ஏன் அந்நாள் என்று எத்தனை பள்ளிகளில் வினவினர்? வளர்பிறை அரைநிலாவுக்கு முந்தைய நாள் அது. இறங்கிய இடத்தில் காலைப்பொழுது. கதிரொளியில் இயங்கும் அவ்வூர்திக்கு ஒரு நிலாப்பகல், நம் கணக்கில் ஏறத்தாழ 14 நாள், வேலை செய்யக் கிடைத்தது. முழுநிலா கடந்து, தேய்பிறையின் எல்லைக்கோடு அவ்விடத்தை நெருங்கிய செப்தம்பர் 4இல் அதை உறங்க வைத்தனர். அந்நாள்களில் நம் முற்றத்தில் நின்று நிலாவை நோக்கிய எவரும், அவ்வூர்திக்குப் பொழுது எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே அளந்திருக்கலாம்.