வேதனை தீர வழி உண்டு, ஏமாற வேண்டாம்!

பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு, இங்கு கூலி வேலை செய்யும் தமிழர்களும், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து மக்களும் சிகிச்சைக்கு வருகிறார்கள். நோயின் வலி ஒரு பக்கம்; அதற்கு ஏற்றும் மருந்தால் வரும் வாந்தி இன்னொரு பக்கம். இந்த வேதனையில் இருப்பவர்களிடம், "கஞ்சா எண்ணெய் சாப்பிட்டால் புற்றுநோயே குணமாகும்" என்று சொல்லப்படுகிறது. இது உண்மையா?

கஞ்சாவின் போதைச் சத்தைப் போலச் செயற்கையாகச் செய்த மாத்திரைகளுக்கு அமெரிக்க அரசு 1985-ல் அனுமதி தந்தது. புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தி மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாவிட்டால் கொடுப்பதற்காகத்தான் அந்த அனுமதி. வலியைத் தணிக்கும் என்பதற்குச் சான்று குறைவு. புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை. தலைசுற்றல், அரைமயக்கம் போன்ற தொல்லைகளும் உண்டு.

நம் நாட்டில் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாப் பூவையும் பிசினையும் தடுக்கிறது. பூ சேராத இலை அதில் அடங்காது. அதனால் 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத மருந்துகளில் இலை சேர்க்கப்படுகிறது. 2020-ல் கோரமங்களாவில் இதற்கென ஒரு மருத்துவ நிலையமும் திறக்கப்பட்டது. ஆனால் திருட்டுத்தனமாகக் கஞ்சா வாங்கினால், சிறிதளவுக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. "நோயாளிக்காக வாங்கினேன்" என்பது சட்டத்தின் முன் எடுபடாது.

கஞ்சாவைத் தேடி அலையுமுன், கைக்கெட்டும் மருந்தைக் கேட்க வேண்டாமா? வாந்திக்கு ஒண்டான்செட்ரான் மாத்திரை குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கடும் வலிக்கு மார்பின் இருக்கிறது. அது நோயாளிகளுக்குத் தடையின்றிக் கிடைக்கவே 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. குணமாக வழியில்லாதவர்களை மாரத்தஹள்ளியில் உள்ள கருணாஸ்ரயா இல்லம் இலவசமாகப் பராமரிக்கிறது.

பாஷை தெரியவில்லையே என்று வாய் மூடி இருக்க வேண்டாம். நோவு, வாந்தி என்ற சொற்கள் கன்னடத்திலும் அவைதான். வேறு எதையாவது சாப்பிட்டு வந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. எண்ணெயை நம்பிச் சிகிச்சையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

அரசுக்கும் கடமை உண்டு. கஞ்சா மருந்தின் பலனை ஆஸ்பத்திரிகளில் முறையாகச் சோதித்து, முடிவை மக்களுக்குச் சொல்ல வேண்டும். குணமாக்குவதாகப் பொய் சொல்லி எண்ணெய் விற்போர் மீது வழக்குப் போட வேண்டும். வலி நீக்கும் மருந்து எல்லா மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்க வேண்டும். வேதனையில் துடிப்பவனின் கூலிப் பணம் ஏமாற்றுக்காரர் கைக்குப் போகக் கூடாது!