வாரம் ஒன்றா, நாளுக்கு ஒன்றா?

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து, காலைப் பேருந்தில் தேன்கனிக்கோட்டை திரும்பும் தொழிலாளத் தோழர் பகலெல்லாம் உறங்குகிறார். மாலையில் மறுபடி வேலை. அவர் மேனியில் வெயில் படுவது எப்போது? வெயில் படாத உடம்பில் வைட்டமின் 'டி' குறையத்தான் செய்யும். எலும்பு வலிக்கும், தசை தளரும். டாக்டர் 60,000 யூனிட் மாத்திரை எழுதித் தருகிறார். அதை நாம் குறை கூறவில்லை.

ஆனால் அது வாரத்துக்கு ஒன்று; அதுவும் வழக்கமாக எட்டு வாரம்தான். சீட்டில் ஆங்கிலத்தில் கிறுக்கிய அந்த ஒரு சொல் புரியாமல் தினம் ஒன்று விழுங்கினால்? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் வகுத்த கணக்குப்படி, வயது வந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவை 600 யூனிட். மேல் எல்லை 4,000. தினம் 60,000 என்றால் எல்லையைப் போல் 15 மடங்கு!

வைட்டமின் 'சி' மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். 'டி' அப்படியல்ல, உடம்பின் கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் நிற்கும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றிவிடும். வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், மனக்குழப்பம், சிறுநீரகக் கல், முடிவில் சிறுநீரகமே பழுது! குறைபாட்டைத் தீர்க்கப்போய் அளவின்றி மருந்து ஏற்றி நஞ்சான நோயாளிகளைப் பற்றி ஸ்ரீநகர் மருத்துவர்கள் 2011லேயே எழுதியிருக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது வெறும் பழமொழியல்ல, தோழர்களே!

இன்னொன்றும் சொல்வோம். நம் பக்கத்து மூட்டுவலிக்கு நிலத்தடி நீரிலுள்ள ஃபுளூரைடும் காரணமாகலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு 2013ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தானே? தண்ணீர் தந்த வலிக்குக் கடையில் தாமாகவே 'டி' மாத்திரை வாங்கித் தின்பது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

நாம் கேட்பது என்ன? இ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட தொழிலாளியின் கூலியில் நூறு ரூபாய்க்கு 75 காசு பிடிக்கிறார்கள். அந்தக் காசுக்கு இரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுங்கள். "வாரம் ஒன்று, இத்தனை வாரம்" என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதிக் கொடுங்கள். இந்த எல்லைப்புறத்தில் மூன்று மொழியும் பேசும் மக்கள் உழைக்கிறார்கள். இது சலுகையல்ல, உரிமை.

அது கிடைக்கும்வரை சும்மாயிருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுத் தோழரின் மருந்துச் சீட்டை இன்றே வாங்கிப் பாருங்கள். புரியாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். வாந்தியும் தாகமும் கண்டவர் இருந்தால் மாத்திரையை நிறுத்தச் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவும் இயக்க வேலைதான்.