குத்து விழுந்த பிறகு வரும் சட்டம்

97வது நிமிடத்தில் ரிஸேஸ்போர் கோல் போட்டு சமன் செய்தது. விசில் ஊதியதும் அங்காராகுஜூ கிளப்பின் தலைவர் ஃபரூக் கோஜா மைதானத்துக்குள் வந்து நடுவர் ஹலீல் உமுத் மெலெரின் முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவரை வேறு சிலர் உதைத்தார்கள். கண்ணோரம் எலும்பு முறிவு. 2023 டிசம்பர் 11, துருக்கி. வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்படி ஏதாவது நடந்தால் போதும், சட்டத்தைக் கடுமையாக்கு என்று ஒரு குரல் கிளம்பிவிடும். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். துருக்கியில் அந்தச் சட்டம் ஏற்கெனவே இருந்ததே! 2011ல் வந்த 6222ஆம் எண் சட்டம், விளையாட்டு வன்முறைக்கென்றே எழுதப்பட்டது. பணியில் இருக்கும் நடுவரை அடித்தால் அரசு ஊழியரை அடித்ததாகத்தான் கணக்கு. குத்தியவரும் விவரம் தெரியாத ஆள் இல்லை. ஆளுங்கட்சியின் முன்னாள் எம்.பி.

அதே சட்டத்துக்கு இன்னொரு கதை உண்டு. மேட்ச் ஃபிக்சிங் செய்தால் 5 முதல் 12 ஆண்டு சிறை என்று அதில் இருந்தது. சில மாதங்களிலேயே ஃபெனர்பாச்சே தலைவர் உட்படப் பெரிய தலைகள் கைதானார்கள். அந்த வருடம் முடிவதற்குள் தண்டனை 1 முதல் 3 ஆண்டாகச் சுருங்கிவிட்டது. ஜனாதிபதி அப்துல்லா குல் திருப்பி அனுப்பியும், நாடாளுமன்றம் அதையே மறுபடி நிறைவேற்றியது. கடுமையான சட்டம் பெரிய கிளப்பைத் தொட்டா என்ன ஆகும்னு இதுக்கு மேல விளக்கணுமா?

தான் அறைந்தது எலும்பு முறியும் அளவுக்கு இல்லை என்றார் கோஜா. நடுவரின் தவறான முடிவுகளும் தூண்டுதலும்தான் காரணமாம். இதை அவர் புதிதாக யோசித்துச் சொல்லவில்லை. தோற்ற கிளப்பின் நிர்வாகிகள் மைக் முன்னால் காலங்காலமாகச் சொல்லிவருவதுதான். எங்க தொழில்ல, சர்வர் விழுந்த பிறகு யாரைத் தூக்கலாம்னு மீட்டிங் போடுற மேனேஜர்கள் உண்டு. அலர்ட் எத்தனை நாளா அடிச்சிட்டிருந்ததுன்னு மட்டும் கேக்கவே மாட்டாங்க.

அப்படியானால் அடித்தவனை விட்டுவிடுவதா? உள்ளே தள்ள வேண்டியதுதான். 2024 நவம்பரில் கோஜாவுக்கு 3 வருடம் 7 மாதம் தண்டனை விதித்தார்கள், நல்லது. ஆனால் அந்தப் பயம் அடுத்தவனைத் தடுக்கும் என்று நம்பச் சொல்லாதீர்கள். 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரேயில், மகன் ஆடிய ஆட்டத்துக்கு லைன்ஸ்மேனாக நின்ற ஒரு அப்பாவை எதிரணிப் பையன்கள் உதைத்தே கொன்றார்கள். சம்பளம் வாங்காமல் கொடி பிடித்த மனுஷன். ஆறு பையன்களும், அவர்களில் ஒருவனின் அப்பாவும் தண்டனை பெற்றார்கள். அந்த அப்பாவுக்கு 6 வருடம், பையன்களுக்கு அதிகபட்சம் 2 வருடம். 2ஐ 10 ஆக்கியிருந்தால்? பதின்வயதில் வெறியேறி உதைக்கிறவன் எந்தச் சட்டப் பிரிவைப் புரட்டிப் பார்க்கிறான்?

அவனுக்குப் புரிவது புள்ளி. முதல் கெட்ட வார்த்தையிலேயே ஆட்டத்தை நிறுத்து, மூன்று புள்ளியை எதிரணிக்குக் கொடு. அடுத்த வாரம் சொந்த அணிக்காரனே கையைப் பிடித்து இழுப்பான். கிளப் தலைவர்களுக்கும் இதே வைத்தியம்தான். கால்பந்து சங்கம் தானே செய்யலாம், நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

துருக்கியில் என்ன செய்தார்கள்? கோஜாவுக்கு நிரந்தரத் தடை. கிளப்புக்கு 20 லட்சம் லிரா அபராதம், ஐந்து சொந்த மைதான ஆட்டங்களுக்கு ரசிகர்கள் கிடையாது. லீக்கை ஒரு வாரம் நிறுத்திவிட்டு டிசம்பர் 19ல் மறுபடி தொடங்கினார்கள். புள்ளிப் பட்டியலில் அந்த ஆட்டத்தின் 1 புள்ளி அங்காராகுஜூவிடம் அப்படியே இருந்தது.