கண்ணாடித் தொட்டியில் ஒரு சிற்றாறு

ஆனி ஆடி மாதங்களில் குற்றாலத்துக்கு வந்து அருவியில் தலையைக் கொடுத்து நிற்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அந்தத் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசிப் பக்கம் ஓடி வரும்போது, அதிலே வாழும் மீன்களை நினைப்பவர்கள் எத்தனை பேரோ? ஆனால் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அநேகருக்கு உண்டு. நல்ல ஆசைதான். அது மூன்றாம் நாளே துக்கத்தில் முடிந்துவிடுவதுதான் பரிதாபம். மீன் மல்லாந்து மிதக்கிறது; குழந்தை சாப்பிட மறுத்து அழுகிறது. கடைக்காரன் நோயாளி மீனைத் தலையில் கட்டிவிட்டான் என்கிறார் தகப்பனார். கண் பட்டுவிட்டது என்கிறாள் பாட்டி. பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல.

காரணம் வேண்டுமானால் அருவியைத்தான் பார்க்க வேண்டும். மலையிலிருந்து விழும் நீர் துளித்துளியாகச் சிதறிக் காற்றை வாரிக்கொண்டு கீழே வருகிறது. மீன் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். ஆறு ஓடிக்கொண்டே இருப்பதால் அழுக்கு ஓரிடத்தில் தங்குவதில்லை. இவை கண்ணுக்குத் தெரிந்த உபகாரங்கள். தெரியாதது ஒன்று உண்டு. ஆற்றுக் கற்களின் மேல் வழுவழுப்பாகப் படிந்திருக்கிறதே, அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அதிலே வழுக்கி விழுந்தவர்கள் பாறையை வைவார்கள். மீன்களோ வாழ்த்த வேண்டும்.

ஏனென்றால் மீன் தன் செவுள் வழியாக அம்மோனியா என்னும் நஞ்சை இடைவிடாமல் வெளியிடுகிறது. தின்னாமல் விட்ட இரையும் அழுகி அம்மோனியாவாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. அது அவ்வளவு கொடியதல்ல. புதிதாக வாங்கிக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்த தொட்டியில் இந்த வேலைக்காரர்கள் ஒருவரும் இல்லை. அதிலே பத்து மீன்களை விடுவது, துப்புரவுக்கு ஆளில்லாத ஊரில் திருவிழா நடத்துவதற்கு ஒப்பாகும்.

ஆகையால் முதலில் தொட்டி, பிறகு தண்ணீர், கடைசியில்தான் மீன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 56 கிலோ. ஆடும் முக்காலி தாங்காது. அழகான சிறு கண்ணாடிக் கிண்ணத்தை நேயர்கள் மறந்துவிடுவது உத்தமம். நீர் குறையக் குறைய நஞ்சு சீக்கிரம் ஏறும். தங்கமீனைக் கிண்ணத்தில் அடைப்பது மிகப் பெரிய கொடுமை; அது ஒரு சாணுக்கு மேல் வளரக்கூடிய பிராணி.

தொட்டியில் மணலும் கூழாங்கல்லும் இட்டு, நீர் நிரப்பி, பஞ்சு வடிகட்டியையும் காற்றுக் குழாயையும் ஓடவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமாதலால் அதை ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றலாம். தினம் ஒரு சிட்டிகை இரையை வெறும் தொட்டியில் போட்டு வந்தால் நான்கு முதல் ஆறு வாரங்களில் நுண்ணுயிர்கள் குடியேறிவிடும். நன்றாக நடக்கும் தொட்டி நண்பர் வீட்டில் இருந்தால், அவர் வடிகட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள், காலம் குறையும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் சோதனை மருந்துகள் கடையில் கிடைக்கின்றன. இரண்டும் ஏறி, பிறகு இறங்கிப் பூஜ்யமானால் வீடு தயார். அதுவரை "மீன் எங்கே?" என்று கேட்கும் விருந்தாளிகளுக்குப் புன்னகையே பதில்.

முதல் மீனாகக் கப்பி போதும். வெனிசுவேலா, டிரினிடாட் முதலிய தேசங்களிலிருந்து வந்தது; கிணற்றுத் தண்ணீரின் கடினத்தையும் பொறுத்துக்கொள்ளும். ஐந்தாறு ஆண் மீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெண்ணையும் சேர்த்தால் ஏறக்குறைய மாதம் ஒரு பிரசவம் பார்க்க நேரிடும். இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே இரை. வாரத்துக்கு ஒரு முறை கால்பங்கு நீரை மாற்றினால் போதும். எடுத்த நீரை மல்லிகைக்கு ஊற்றினால் செடி செழிக்கும். குளிர் தேசத்தார் தொட்டிக்கு வைக்கும் சூடேற்றி நம் சமவெளியில் பெரும்பாலும் அவசியமில்லை. சாரல் காற்று நேரே அடிக்கும் ஜன்னலோரம் மட்டும் ஆகாது.

பக்கத்திலேயே ஆறு இருக்க, காசு கொடுத்து மீன் வாங்குவானேன் என்று தோன்றலாம். சிற்றாறு போய்ச் சேரும் தாமிரபரணியின் பெயரையே தாங்கிய ஒரு கெண்டை இனம் உண்டு. உடலில் கரும் புள்ளிகளும், ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் நீண்ட இழைகளுமாக வெகு அழகு. 1954-ஆம் ஆண்டில் சைலஸ் என்னும் மீனியல் அறிஞர் அதை விவரித்து எழுதினார். அந்த ஆற்றுப் படுகைக்கே உரிய அந்த இனம் இன்று அழியும் அபாயத்திலுள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. வலை போடுகிற கை எதை அள்ளுகிறதென்று அதற்கே தெரியாது. ஆகவே பண்ணையில் பிறந்த மீனா என்று கேட்டு வாங்குவதே சரி.

வளர்த்து அலுத்தவர்கள் இரக்கப்பட்டு மீனை ஆற்றிலோ குளத்திலோ விடுவதும் உண்டு. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் தென் அமெரிக்கக் கெளுத்தி இப்படித்தான் நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பரவி, வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாத மீனை விற்ற கடையிலே திருப்பிக் கொடுக்கலாம். அல்லது அடுத்த தெருவில் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு ஆறு வாரமாகக் காத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடிக்கலாம்.