கடனோடு ஒட்டிவந்த காப்புறுதி

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பர் நம் பெரியோர். நம் தீவகத்தார்க்கு ஆறு இல்லை, கடலே உண்டு. ஆயினும், இம்மூதுரையை அவர்களைப் போலக் கடைப்பிடித்தவர் வேறெவரும் இலர் எனலாம். பனையும் மீனும் தந்த சிறு வருவாயிற் குடும்பம் நடத்தி, புங்குடுதீவிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் இருந்து புறப்பட்டுக் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்து, சதம் சதமாகக் கணக்கெழுதி முன்னேறியவர்கள் அவர்கள். அத்தகையாரின் பிள்ளைகளே பிற்காலத்தில் இலண்டன் மாநகரிற் குடியேறி, தாம் கையெழுத்திட்ட கடன் பத்திரத்துக்குள் என்ன இருந்தது என்று அறியாமலே ஆண்டுக்கணக்கிற் பணம் கட்டினர் என்றால் அது வியப்பன்றோ? இவ்வாரம் அதுபற்றியே வாசகர்களோடு உரையாட விரும்புகின்றோம்.

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் மகோற்சவத்துக்குச் செல்வதற்காகக் குறிகட்டுவான் துறையிற் படகுக்குக் காத்து நின்றபொழுது, இலண்டனிலிருந்து வந்திருந்த பழைய நண்பர் ஒருவரைக் கண்டோம். படகிற் கூட்டம் மிகுதி. அடுத்த படகு வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். 2004ஆம் ஆண்டிற் சிறு பலசரக்குக் கடையொன்றைத் தொடங்குவதற்கு அவர் அங்குள்ள வங்கியொன்றிற் பத்தாயிரம் பவுண் கடன் எடுத்தாராம்.

"வங்கியில இருந்த பெடியன் நல்ல மரியாதையாக் கதைச்சான். இந்த இடத்திலயும் ஒரு கையெழுத்து வையுங்கோ எண்டான். வைச்சன். வங்கிக்காரன் பிழையாச் சொல்லுவானோ எண்டு ஒரு நம்பிக்கை" என்றார்.

அந்த இன்னொரு கையெழுத்து, கடன் கொடுப்பனவுக் காப்புறுதி என்பதற்கானது. ஆங்கில முதலெழுத்துகளால் அதனைப் பி. பி. ஐ. என்பர். அதற்கான இரண்டாயிரம் பவுண் கடனோடு சேர்க்கப்பட்டு, பன்னீராயிரத்துக்கு வட்டி ஓடிற்று. மூன்று ஆண்டுகளின் பின் நண்பர் கடைப் படியில் வழுக்கி விழுந்து ஆறு மாதம் படுக்கையிற் கிடந்தார். அப்பொழுதுதான் காப்புறுதி நினைவுக்கு வந்தது. விண்ணப்பித்தார். முன்னரே முதுகுநோவுக்கு வைத்தியம் பார்த்தவராதலின் பணம் தரவியலாது என்று பதில் வந்தது. காப்புறுதி கைவிட்டது, மனைவியின் கைக்காப்பு அடகுக்குப் போயிற்று. போன காப்பு மீளவும் இல்லை.

இத்தகைய காப்புறுதி தன்னளவிலே தீயதன்று என்பதை முதலிற் சொல்லிவிடவேண்டும். கடன் பெற்றவர் நோயுற்றாலோ, விபத்துக்குள்ளானாலோ, வேலையிழந்தாலோ அவருக்காகத் தவணைப் பணத்தைச் செலுத்துவதே அதன் நோக்கம். தீமை, விற்ற முறையிலே இருந்தது. வேலையிழப்புக்கு ஈடு தரும் காப்புறுதி, சுயதொழில் செய்வோர்க்குப் பெரும்பாலும் பயன்படாது, அவர்களுக்கும் விற்றனர். பழைய நோயுள்ளவர்க்கு அந்நோய்க்கு ஈடு இல்லை. அதனைச் சொல்லாமல் விற்றனர். காப்புறுதி எடுத்தாலன்றிக் கடன் கிடையாது என்று சிலரை அச்சுறுத்தினர். வேறு சிலர்க்கோ, அப்படியொன்று சேர்க்கப்பட்டிருப்பதே தெரியாது. கட்டணத்தை மாதந்தோறும் வாங்காமல் ஒரே தொகையாக முதலோடு கூட்டிவிட்டபடியால், காப்புறுதிக்கும் வட்டி கட்டும் விந்தை நிகழ்ந்தது.

பெரும்பாலும் 1990 முதல் 2010 வரையான இருபது ஆண்டுகளில் இத்தகைய பத்திரங்கள் ஆறு கோடிக்கு மேல் பிரித்தானியாவில் விற்கப்பட்டன. 2005ஆம் ஆண்டில், பொதுமக்களுக்கு இலவச ஆலோசனை வழங்கும் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்னும் அமைப்பு, இது குறித்து அரசின் வணிகக் கண்காணிப்பு அலுவலகத்திடம் முறையிட்டது. கண்காணிப்பு அதிகாரிகள், பழைய விற்பனைகளையும் ஆராய்ந்து ஈடுசெய்ய வேண்டும் என 2010இல் விதித்தபொழுது, வங்கிகளின் சங்கம் அதனை எதிர்த்து உயர் நீதிமன்றம் ஏறிற்று. 2011 ஏப்ரலில் வங்கிகள் தோற்றன. மே மாதத்தில், மேன்முறையீடு செய்வதில்லை என அறிவித்தன. அதன்பின் கதவு திறந்தது. கட்டிய கட்டணம், அதன்மேற் சென்ற வட்டி, அவற்றுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வீதம் நேர்வட்டி ஆகியவற்றைத் திருப்பிக் கொடுப்பது வழக்கமாயிற்று. இவ்வாறு மக்களிடம் மீண்ட தொகை 3,800 கோடி பவுணுக்கு மேலாகும்.

இவ்விடத்தில் ஒரு வழக்கைக் குறிப்பிடாது செல்லவியலாது. பிளெவின் என்னும் கைம்பெண், கல்லூரி ஆசிரியை, 2006ஆம் ஆண்டில் 34,000 பவுண் கடன் எடுத்தார். காப்புறுதிக் கட்டணம் 5,780 பவுண். அதில் உண்மையாகவே காப்புறுதிக் கம்பனிக்குச் சென்றது 1,630 பவுண் மாத்திரமே. 1,870 தரகருக்கும் 2,280 கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கழிவாகப் போயின. நூறு ரூபாவுக்குப் பொருள் வாங்கினால் ஏறத்தாழ எழுபத்திரண்டு ரூபா இடையிலே நிற்பவர் பைக்குள் போவது போன்றது இது. இதனை அந்த அம்மையாருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாது மறைத்ததே அந்தக் கடனுறவை நீதியற்றதாக்கிற்று என 2014 நவம்பரில் பிரித்தானிய உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியொருத்தி தொடுத்த வழக்கு, பின்னர் எத்தனையோ இலட்சம் பேருக்கு வழிகாட்டிற்று.

நம் நண்பர் கதைக்கு மீள்வோம். முறைப்பாடு செய்யலாம் என்று தெரிந்த பின்னரும் அவர் செய்யவில்லை. ஏன் என்று கேட்டோம். "ஆபத்துக்குக் கடன் தந்தவங்களோட போய்ச் சண்டை பிடிக்கிறதோ? சனம் என்ன நினைக்கும்?" என்றார். இதுவே நம்மவரிற் பலரைத் தடுத்தது எனக் கருதுகின்றோம். கடனைத் திருப்பிக் கொடாமல் இருப்பதே மானக்கேடு. தவறாகப் பெறப்பட்ட நம் பணத்தைத் திருப்பிக் கேட்பது மானக்கேடன்று, கணக்குத் தீர்ப்பது. வங்கி நம்மிடம் ஒரு பவுண் குறைந்தாலும் கடிதம் போடுகின்றது. நாம் மாத்திரம் கேட்க நாணுவது ஏன்?

இறுதியில் 2012ஆம் ஆண்டில், பல்கலைக்கழகம் புகுந்திருந்த அவருடைய மகள் பழைய பெட்டியைத் திறந்து பத்திரத்தை வரி வரியாக வாசித்தாள். "அப்பா, இந்தக் காப்புறுதி உங்களுக்கு ஒருநாளும் காசு தந்திராது. ஏன் எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். "நான் எடுக்கேல்லைப் பிள்ளை, அவங்கள் தந்தவங்கள்" என்றார் தந்தை. அந்த ஒரு வாக்கியத்தையே மகள் கடிதமாக எழுதினாள். வங்கி முதலில் மறுத்தது. மறுப்பைக் கண்டு சோராது, அங்குள்ள நிதிக் குறைகேள் சேவைக்கு எழுதினாள். அச்சேவை முறையிடுவோரிடம் பணம் பெறுவதில்லை. ஓராண்டு கழிந்தது, பணம் வந்தது. அப்பணத்தில் முதலில் வாங்கியது ஒரு சோடிக் காப்பு.

மகள் தானே எழுதியதால் வந்தது முழுவதும் வீட்டுக்கு வந்தது. வேறு பலர், முறைப்பாட்டை நடத்தித் தருவதாகத் தொலைபேசியில் அழைத்த முகவர்களிடம் பொறுப்பைக் கொடுத்து, கிடைத்ததில் நாலிலொரு பங்குக்கு மேலும் இழந்தனர். 2018 யூலையில் அக்கூலி நூற்றுக்கு இருபது எனச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. ஒரு கடிதம் எழுதும் வேலைக்கு அதுவும் அதிகமன்றோ?

முறைப்பாட்டுக்கு இறுதி நாளாக 2019 ஆகஸ்ட் 29 குறிக்கப்பட்டது. அந்நாளை நினைவூட்ட, நடிகர் ஆர்னோல்ட் சுவார்ஸ்நேகரின் தலையைப் பொம்மையாகச் செய்து விளம்பரம் செய்தனர். அந்த நாள் போய்விட்டது. கழிவை வேண்டுமென்றே மறைத்த நிறுவனம் ஆறாண்டுக் காலவரையறையைச் சொல்லித் தப்பவியலாது என 2023 நவம்பரில் உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தபடியால், நீதிமன்ற வழி முற்றாக அடைபடவில்லை. ஆனால் அது செலவும் ஐயமும் நிறைந்த வழி. இந்த நோயின் தம்பியாக இன்னொன்றும் தோன்றியுள்ளது. மோட்டார் வாகனக் கடன்களில் மறைத்த கழிவுக்கு ஈடு வழங்கும் திட்டமொன்றை 2025 ஒக்டோபரில் பிரித்தானிய நிதிக் கண்காணிப்பு அதிகாரசபை முன்வைத்தது. அங்குள்ள நம் உறவினர், 2007 முதல் 2024 வரை கடனில் வாகனம் வாங்கியிருந்தால், பழைய பத்திரங்களைத் தேடி எடுத்து வைப்பது நன்று.

நிற்க. இலண்டன் கதை ஊர்காவற்றுறையிலும் அனலைதீவிலும் இருப்போர்க்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பின் வங்கிகளும் குத்தகை நிறுவனங்களும் நுண்கடன் கம்பனிகளும் வடக்கிலே பெருகின. முச்சக்கர வண்டிக்கும் படகு இயந்திரத்துக்கும் வீட்டுக்கும் கடன் எளிதாகக் கிடைத்தது. வாசிக்க நேரமின்றிக் கையெழுத்திட்ட பெண்கள் பலர் நுண்கடனிற் சிக்கித் தவித்ததையும், வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களில் ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன் நிலுவையுடைய பெண்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்ததையும் நாம் மறக்கவில்லை.

கடன் பெற்றவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் காப்புறுதியை எடுக்கச் சொல்வது நம் நாட்டு வங்கிகளிலும் வழக்கமே. குடும்பத் தலைவன் கடலோடு போய்விட்டால் வீடு ஏலத்துக்குப் போகாமற் காப்பது அது. ஆதலின் அதனை வெறுக்க வேண்டுவதில்லை, அறிந்து எடுக்கவேண்டும். கட்டணம் எவ்வளவு, கடனிற் கழிக்கப்படுகின்றதா, அதற்கும் வட்டி உண்டா, எந்த வயதுவரை, எந்த நோய்க்கு ஈடு இல்லை, கடனை முன்கூட்டியே அடைத்தால் மீதிக் கட்டணம் திரும்புமா என்னும் இவ்வினாக்களைக் கையெழுத்துக்கு முன்னரே கேட்கவேண்டும். மற்றொன்றும் உண்டு. காப்புறுதி இருப்பதே அறியாமல், கணவன் இறந்த பின்னும் அவன் கடனைக் கட்டிவரும் பெண் நம்மிடையே இருத்தல் கூடும். வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பத்திரத்தை ஒருமுறை எடுத்து வாசித்தால் அவள் கண்ணீர் குறையலாம்.

குறை கண்டால் செய்யவேண்டியது இது. முதலிற் கடன் உடன்படிக்கையினதும் காப்புறுதிப் பத்திரத்தினதும் பிரதிகளைக் கடிதமூலம் கேளுங்கள். அடுத்து, நடந்ததைத் திகதியோடு எழுதிக் கடன் தந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். திருப்தியான பதில் வராவிடின், வங்கி, நிதிக் கம்பனி பற்றிய குறைகளை இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935. நிதிசார் குறைகேள் அதிகாரியும், காப்புறுதிக்கெனத் தனிக் குறைகேள் அதிகாரியும் நாட்டில் உள்ளனர். நுகர்வோரைக் காக்கும் ஒழுங்குவிதிகளை மத்திய வங்கி 2023 ஆகஸ்டில் வர்த்தமானியில் வெளியிட்டுள்ளது. விதி இருப்பது போதாது. கேட்பாரும் இருத்தல் வேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் சட்டமாக்கப்பட்ட நம் தேசவழமையில் ஒற்றி என்றொரு முறை உண்டு. கடன் கொடுத்தவர் காணியை அனுபவிப்பார்; விளைவே வட்டி; முதலைக் கொடுத்தால் காணி மீளும். எது முதல், எது வட்டி என்பது ஊரறிய விளங்கும். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. இன்றைய பத்திரங்கள் நாற்பது பக்கமாக நீண்டுள்ளன; அவற்றின் ஓரத்திலே பொடி எழுத்தில் நம் வீட்டுப் பணம் ஒளிந்திருக்கின்றது. பாடசாலையில் வட்டிக் கணக்குச் செய்யும் மாணவ மாணவியரே, இன்று மாலை உங்கள் தந்தையாரிடம் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, விளக்கின் கீழ் இருந்து ஒருமுறை உரத்து வாசியுங்கள். பரீட்சைக்குப் படித்த கணக்கு குடும்பத்துக்கு உதவும் நாள் அதுவாகலாம்.