விஷக் கணக்கு யார் கையில் இருக்க வேண்டும்?

தான் கையால் தொடும் பொருள் இன்னதென்று அறியாமல் ஒருவன் வேலை செய்வானாயின், அவன் கூலி பெறுகிறவனேயன்றிச் சுதந்திர மனிதன் ஆகான். இது நமது திடமான அபிப்பிராயம். புதுவையின் கிராமப் பகுதிகளைக் குறித்து இன்று இதனைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வில்லியனூர்க் கொம்யூனில் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை. பாகூர்க் கொம்யூனில் கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டை. இவற்றுக்கு அப்பால் நெல்வயல்கள். அவற்றில் தெளிக்கப் பூச்சிமருந்துகள். வீடுகளிலும் கொட்டகைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்த சிமெண்ட் கூரைத் தகடுகள். இவற்றின் நடுவிலேயே நமது ஜனங்கள் உழைக்கிறார்கள்.

அபாயப் பொருள்களின் கணக்கை வைப்பதற்கென்றே இப்போது மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. எந்த ரசாயனம் எந்த அறையில் எவ்வளவு இருக்கிறது, எதன் அருகில் எதை வைக்கலாகாது, கண்ணில் பட்டால் செய்ய வேண்டிய முதலுதவி யாது, கட்டடத்தின் எப்பாகத்தில் கல்நார் உள்ளது என்பன யாவும் ஒரு க்ஷணத்தில் திரையில் தோன்றும். நல்ல காரியமே, வரவேற்கிறோம். ஆனால் அந்தத் திரை மானேஜரின் மேஜைமேல் மாத்திரம் இருந்து, அதன் எழுத்தும் இங்கிலீஷாகவே இருக்குமானால், பீப்பாயை உருட்டுகிறவனுக்கு அதனால் என்ன லாபம்? அதிகாரிக்குக் காட்டும் கணக்கு வேறு. தொழிலாளியைக் காக்கும் கணக்கு வேறு.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, சிகிச்சை செய்த வைத்தியர்களுக்கே அவ்வாயுவின் விவரம் சரியாகக் கிடைக்கவில்லை. அதன் பிறகே, 1987இல், தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயத்தின் தன்மையைத் தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்து ஜனங்களுக்கும் முதலாளி தெரிவிக்க வேண்டுமென்று விதி ஏற்பட்டது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையிற் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1995 ஜனவரி 27இல் தீர்ப்பளித்தது. காரணம் வெளிப்படை. கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படும். ஒப்பந்தத் தொழிலாளியோ ஆண்டுக்கொரு முதலாளியிடம் போகிறான். அவனுடைய கணக்கு அவனோடு போவதில்லை. இக்குறையைத் தீர்ப்பதே மென்பொருளின் மெய்யான உபயோகம்.

தொழில் ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்பர் சிலர். பண்டம் செய்யும் பக்குவத்தை யாரும் கேட்கவில்லை. உயிருக்கு வரும் தீங்கையே கேட்கிறோம். படிப்பறியாதவருக்கு இவை விளங்கா என்பர் வேறு சிலர். பூச்சிமருந்துச் சீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறத்தால் விஷத்தின் கடுமையைக் குறிப்பது நமது தேசத்துச் சட்டமன்றோ? குடியானவனுக்கு ஆகும் காரியம் ஆலைத் தொழிலாளிக்கு ஆகாதோ?

கூரைத் தகடுகளின் விஷயமும் அற்பமன்று. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயலும், 2024 நவம்பர் 30இல் ‘ஃபெஞ்சல்’ புயலும் இக்கரையைத் தாக்கின. புயலில் உடைந்த தகட்டை அறுப்பவனும் துளைப்பவனும் தூசியைச் சுவாசிக்கிறான். நனைத்துக் கையாளவேண்டும் என்று அவனுக்குச் சொல்வார் யார்? கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் தருவன என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரிட்டன் வெள்ளைக் கல்நாரை 1999இல் தடுத்ததோடு நில்லாமல், பழைய கட்டடங்களில் அது எங்கே உள்ளதென்று கணக்கு வைப்பதையும் கடமையாக்கிற்று. நம் நாட்டிலோ அதன் உபயோகம் இன்னும் ஒழியவில்லை.

ஆகவே நாம் கோருவன மூன்று. கணக்கு தமிழில் இருத்தல். தொழிலாளி தன் கைப்பேசியிலேயே அதைக் காணும் உரிமை. அவனுடைய உடல்நலக் குறிப்பு அவன் போகுமிடமெல்லாம் தொடர்தல். பள்ளிக்கூடம் முதலிய பொதுக் கட்டடங்களின் கல்நார்க் கணக்கைக் கொம்யூன் பஞ்சாயத்துக்களே தொடங்கி வழிகாட்டலாம்.

1936 ஜூலை 30இல் புதுவை ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சுச் சர்க்காரின் குண்டுக்கு இரையாயினர். அத்தியாகத்தின் பயனாகவே எட்டு மணி நேர வேலை கிடைத்தது. 1954 அக்டோபர் 18இல் வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் பாரதத்தோடு இணைய வாக்களித்தனர். வேலை நேரத்தையும் விடுதலையையும் வென்ற இம்மண்ணில், தான் சுவாசிப்பது யாதென அறியும் உரிமை மாத்திரம் கடன்பட்டு நிற்கலாமா? தொழிற்சங்க ஊழியர்கள் இதனைக் கையிலெடுப்பார்களென நம்புகிறோம்.